கம்பெனி நடத்தத் தெரியாத கிடார்காரர்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ஆளை எடைபோட இரண்டு கேள்வி போதும். என்ன தொழில்? சொந்தமா, வேலைக்கா? கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன், டர்னராகி, நாலைந்து வருசத்தில் தவணைக்கு ஒரு பழைய லேத் வாங்கி, ஷெட் பிடித்துத் தனியாகப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால், "கையில தொழில் இருக்குதுங்க, சாமர்த்தியந்தான் பத்தாது" என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

இந்தக் கணக்கில் இங்கிலாந்து ராக் கிடார்காரர் ஜெஃப் பெக் தேறமாட்டார். அவர் குழுவில் பாடிக்கொண்டிருந்த ராட் ஸ்டூவர்ட் வெளியே போய் உலகப் புகழ் பெற்றார். அதே குழுவில் பேஸ் கிடார் வாசித்த ரானி வுட் பிற்பாடு ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவில் நிலைத்துவிட்டார். சின்ன வயசுக் கூட்டாளி ஜிம்மி பேஜ், லெட் செப்பலின் என்ற ராக் குழுவைத் தொடங்கிப் பெரிய கம்பெனியாகவே நடத்தினார். பெக்கோ ஆர்டர் குவியத் தொடங்கும் நேரமாகப் பார்த்து ஷட்டரை இறக்கினார், அதுவும் ஒரு முறையில்லை. பிழைக்கத் தெரியாத மனுசன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அவர் பட்டறையில் எதைச் செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சாமான் தயாராக அவருக்கு இருபத்தைந்து வருசம் பிடித்தது. அதற்குள் எத்தனை குழு கலைந்தது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

1944 ஜூன் 24, இங்கிலாந்தில் சரே பகுதியிலுள்ள வாலிங்டனில் பிறந்தவர். 2023 ஜனவரி 10 அன்று, 78 வயதில், பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் இறந்தார். அன்றைக்கு மேற்கே கிடார் பிடித்த பெரிய தலைகள் எல்லாரும் துக்கம் சொன்னார்கள். நம் பக்கத்தில் ராக் கேட்கிறவர்களிடம்கூடப் பெரிய சலனம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால், ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட்டுகளுக்கு நடுவே பிங்க் ஃபிளாய்டின் முப்பட்டகம் தொங்கும், நிர்வாணாவின் மஞ்சள் முகம் தொங்கும், மெட்டாலிகா தொங்கும். யார் என்றே தெரியாமல் போட்டுக்கொண்டு ஈரோடு பஸ்ஸில் ஏறுகிற பையன்களை நிறையப் பார்க்கலாம். பெக்கின் முகம் அச்சடித்த ஒரு பனியனை நான் அங்கே கண்டதில்லை. நிலையான பெயரோடு ஒரு குழுவைப் பத்து வருசம் நடத்தினால்தானே லோகோ என்று ஒன்று வரும்!

எனக்கு அவர் வந்து சேர்ந்தது கேசட் வழியாக. எங்கள் குடும்பத்துக்கு மோட்டார் ரீவைண்டிங் தொழில். தொண்ணூறுகளில் டவுன்ஹால் பக்கமும் கிராஸ்கட் ரோட்டிலும் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்த சித்தப்பா பையன் அப்படிப் பதிந்து வைத்திருந்த ஒன்று, எப்படியோ எங்கள் பட்டறை டேப்பில் ஓடத் தொடங்கியது. மேலே பேனாவால் ஜெஃப் பெக் என்று மட்டும் எழுதியிருந்தது. ஸ்டேட்டரில் காயில் இறக்கிக்கொண்டிருந்த வைண்டர் அண்ணன் இரண்டு பாட்டு வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங் தம்பி, பாடறவன் எப்ப வருவான்?" என்றார். வரமாட்டாருங்ணா, இவ்வளவுதான் என்றேன். "அப்ப இத்தன நேரம் பாடுனது யாரு?" என்றார். ஜெஃப் பெக்கைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ரீவைண்டிங் என்றதும் இன்னொன்று. எலக்ட்ரிக் கிடார் என்பதே ஒரு வைண்டிங் சமாச்சாரம்தான். கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒரு பட்டையான பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் சின்ன மின்னோட்டம் பிறக்கிறது, அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. நம் ஊர்க் கிணற்று மோட்டாரில் மின்சாரம் அசைவாகிறது, இங்கே அசைவு மின்சாரமாகிறது. அஞ்சு எச்.பி. மோட்டாருக்கு நாங்கள் சுற்றுகிற கம்பி ஒரு மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். பிக்கப்பில் சுற்றுவது 0.06 மி.மீ. அதையும் ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றவேண்டும். சுற்று கூடினால் சத்தம் கூடும், ஆனால் மேல் ஸ்தாயியின் பளிச்சென்ற தன்மை குறையும். சுற்றி முடித்ததும் மோட்டாருக்கு வார்னிஷ் கொடுக்கிற மாதிரி இதற்கு மெழுகு கொடுப்பார்கள், உள்ளே கம்பி ஆடிக் கீச்சிடாமல் இருக்க. ஒற்றைக் காயிலில் கரண்ட் லைனின் 50 சைக்கிள் இரைச்சல் ஏறிக்கொள்ளும் என்பதால், இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து, காந்தத்தையும் திருப்பி வைத்து, இரைச்சலை இரைச்சலாலேயே அடிக்கிற உத்தி ஒன்று உண்டு. அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வைண்டர் அண்ணனுக்குக் கிடார் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. "நம்மாளுங்கதான் எல்லாம்" என்றார்.

பெக்கும் நம்மாள்தான். சிறுவனாக இருந்தபோது ரேடியோவில் லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிடார்காரர் வாசித்ததைக் கேட்டு ஆசைப்பட்டார். வாங்கக் காசில்லை. சுருட்டுப் பெட்டிகளை ஒட்டி உடம்பு செய்தார், வேலிக்கட்டையைக் கழுத்தாக வைத்தார், மாடல் விமானத்தை இயக்குகிற கம்பியைக் கிடார் கம்பியாக இழுத்துக் கட்டினார். கழுத்தில் ஸ்வரத்தைப் பிரிக்கிற உலோகக் கட்டைகளைப் பதிக்கத் தெரியாததால் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டார். கோடு எப்படி ஸ்வரத்தைப் பிரிக்கும்? அது ஒலித்த லட்சணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விம்பிள்டனில் ஓவியப் பள்ளியில் படித்தார். அவருடைய அக்காதான் ஜிம்மி பேஜ் என்ற பையனை அறிமுகம் செய்துவைத்தவர்.

1965-ல் யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவிலிருந்து அதன் கிடார்காரர் எரிக் கிளாப்டன் விலகினார். அந்த இடத்துக்கு முதலில் பேஜைத்தான் கேட்டார்கள். அவர் ஸ்டூடியோவில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்ததால், பெக்கைக் கைகாட்டினார். அங்கே பெக் செய்ததில் ஒன்று நமக்குச் சுவையானது. அந்த வருசம் 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' என்ற பாட்டுக்கு முகப்பில் சிதார் வேண்டுமென்று ஒரு சிதார் கலைஞரை ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்கள். அது ராக்கின் தாளக்கட்டோடு ஒட்டவில்லை, ஒலியும் மெலிந்து நின்றது. ஒலியைக் கரகரப்பாக்குகிற ஃபஸ் பெட்டியைப் போட்டுக்கொண்டு பெக் கிடாரிலேயே சிதாரின் ரீங்காரத்தைக் கொண்டுவந்துவிட்டார். வெளிவந்தது அந்தப் பதிவுதான். ராக் இசைக்குள் இந்திய வாடை வீசத் தொடங்கிய கதையைச் சொல்கிறவர்கள் பீட்டில்ஸிலிருந்து ஆரம்பிப்பார்கள். பீட்டில்ஸின் முதல் சிதார் பாட்டு வெளிவந்தது அதே 1965-ன் டிசம்பரில். பெக்கின் இந்த வேலை அதற்குச் சில மாதம் முன்னாடி, சிதாரே இல்லாமல் நடந்தது.

1966-ல் பேஜும் அதே குழுவுக்கு வந்து சேர, சில மாதம் இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த வருசக் கடைசியில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே பெக் வெளியேறினார். விலகினாரா விலக்கப்பட்டாரா என்பது யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அடுத்து ஜெஃப் பெக் குரூப். பாட ராட் ஸ்டூவர்ட், பேஸுக்கு ரானி வுட். 1968-ல் வந்த முதல் ஆல்பத்தை இன்று கேட்டாலும் கனமான ராக் என்று பின்னால் பெயர் பெற்றதன் எலும்புக்கூடு அதில் முழுசாக நிற்கிறது. கறுப்பின அமெரிக்கர்களின் மெதுவான பழைய ப்ளூஸ் இசையைப் பிடித்து, இரும்பு உருக்குகிற சூட்டில் வைத்து, கிடாரும் குரலும் ஒன்றையொன்று துரத்துகிற முறை. 1969 ஜனவரியில் லெட் செப்பலின் முதல் ஆல்பம் வந்தபோது அதே முறை அதிலும் இருந்தது. இரண்டு ஆல்பத்திலும் ஒரே ப்ளூஸ் பாட்டுகூட இருந்தது. பேஜ் திருடினார் என்று பெக்கின் ரசிகர்கள் இன்றைக்கும் குமுறுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கு இருவருக்கும் பொது. ஒருவர் டெலிவரி, பில், மார்க்கெட்டிங் எல்லாவற்றையும் பார்த்து நடத்தினார், இன்னொருவருக்கு அதில் பிடிப்பில்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவின் பட்டியலில் ஜெஃப் பெக் குரூப் இருந்தது. விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் குழுவே இல்லாமல் போனது. அரை மில்லியன் ஜனம் கூடப்போகிற சந்தைக்குக் கடை போட இடம் கிடைத்த பிறகு வீட்டுக்குப் போன ஆளை எங்கள் அப்பச்சி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை இங்கே எழுத முடியாது.

வீட்டில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. கார். வாங்கி வரிசையாக நிறுத்தி அழகு பார்க்கிற கார் இல்லை. முப்பதுகளின் பழைய ஃபோர்டு உடம்பை எடுத்து, சேஸிஸை வெட்டி, வேறு என்ஜினை இறக்கி, வெல்டிங் பிடித்து, தானே காரின் அடியில் படுத்து ஒன்றுசேர்க்கிற ஹாட் ராட். 1969-ன் கடைசியில் அப்படிப்பட்ட ஒரு வண்டியில் போய் மோதி மண்டை உடைந்து, பல மாதம் படுத்துவிட்டார். அதற்குப் பிறகும் விடவில்லை. சாகும்வரை நகக்கண்ணில் கிரீஸ்தான். கிடார் விரல்களைக் காப்பீடு செய்து பஞ்சுக்குள் வைக்கிற கலைஞர்கள் நடுவில், அதே விரல்களை என்ஜினுக்குள் விடுகிறவர். 2016-ல் தன்னைப் பற்றி ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தார். அதில் கிடாருக்குச் சமமாகக் கார்களும் இருந்தன.

இந்த விசயத்தை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மோட்டாரும் பம்பும் செய்து பிழைத்த ஊர், ஒரு கட்டத்தில் ரேஸ் காரும் செய்தது. கரிவரதன் இங்கேயே உட்கார்ந்து மாருதி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி வண்டிகளைக் கட்டினார். விலை கட்டுப்படியாகிற ரேஸ் கார் என்று ஒன்று இந்தியாவில் ஓடத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா 1 வரைக்கும் போன நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரர். ஞாயிற்றுக்கிழமை பட்டறையைச் சாத்திவிட்டு, பழைய யெஸ்டி பைக்கின் கார்ப்பரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆட்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் எத்தனையோ பேர். அது ஓடுமா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. எந்தச் சத்தத்தில் ஓடும் என்பதுதான். பெக்கை அந்தக் கூட்டத்தில் ஒருவராக நினைத்துக்கொண்டால் அவருடைய குழு வரலாறு சட்டென்று பிடிபடும். பிரித்துப் பார்த்தாகிவிட்டது, என்ன குறை என்று தெரிந்துவிட்டது, இனி அடுத்த வண்டி.

விபத்திலிருந்து எழுந்து வேறு ஆட்களோடு அதே பெயரில் இரண்டாம் குழு. டிரம்ஸுக்கு கோஸி பவல், கீபோர்டுக்கு மேக்ஸ் மிடில்டன். இரண்டு ஆல்பம் வந்தது, கலைந்தது. பிறகு டிம் போகர்ட், கார்மைன் அப்பீஸ் இருவரோடு மூவர் குழு. அதுவும் 1974-ல் முடிந்தது. இந்தக் காலத்துப் பதிவுகளை நான் அடிக்கடி போடுவதில்லை. குரல்தான் சிக்கல். ராட் ஸ்டூவர்ட் போன பிறகு அவருக்குச் சமமாக நின்று மல்லுக்கட்டுகிற பாடகர் பெக்குக்குக் கிடைக்கவேயில்லை. மூவர் குழுவில் வாத்தியக்காரர்களே பாடவேண்டியிருந்தது.

இந்த நேரத்தில் நடந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் கதையை மட்டும் சொல்லிவிட வேண்டும். 1972-ல் ஸ்டீவியின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு வாசிக்க பெக் போனார். பதிலுக்கு ஒரு பாட்டு எழுதித் தருவதாகப் பேச்சு. ஸ்டூடியோவில் பெக் டிரம்ஸில் உட்கார்ந்து சும்மா ஒரு தாளம் தட்ட, அதை நிறுத்தாதே என்று சொல்லி ஸ்டீவி அதன்மேல் ஒரு மெட்டைக் கட்டினார். 'சூப்பர்ஸ்டிஷன்' பிறந்தது அங்கேதான். பெக்குக்கென்று பிறந்த பாட்டு. ஆனால் இது நிச்சயம் ஓடும் என்று ஸ்டீவியின் இசைத்தட்டுகளை வெளியிடும் மோட்டவுன் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீவியின் பதிவு முந்திக்கொண்டு வந்து, 1973 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பெக்கின் மூவர் குழு தங்கள் பதிவை வெளியிட்டபோது, ஊரே அசலைக் கேட்டு முடித்திருந்தது. எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லாத ஜாப் ஒர்க். இதுவும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாத ஒன்று.

ஆனால் ஸ்டீவி கடனை அடைத்தார். இன்னும் இரண்டு பாட்டு கொடுத்தார். அதில் ஒன்றுதான் 'காஸ் வீவ் எண்டட் அஸ் லவ்வர்ஸ்'. பாடுவதற்காக எழுதப்பட்ட அந்த மெட்டை பெக் 1975-ல் குரலே இல்லாமல் கிடாரில் வாசித்தார். எங்கள் பட்டறையில் ஓடிய கேசட்டில் இருந்தது அதுதான்.

அதை வாசித்த கிடாருக்கும் ஒரு ரீவைண்டிங் கதை உண்டு. சீமோர் டன்கன் என்ற அமெரிக்கர் அப்போது லண்டனில் கிடார் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். பழைய கிப்சன் கிடாரிலிருந்து எடுத்த பழுதான இரண்டு ஹம்பக்கர்களை மறுபடி சுற்றி, ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் கிடார் உடம்பில் பொருத்தி, பெக்குக்குக் கொடுத்தார். ஃபெண்டரின் கூர்மையும் கிப்சனின் கனமும் ஒரே வாத்தியத்தில். டெலி-கிப் என்று அதற்குப் பெயர் வந்தது. மாற்றாக பெக் தன் யார்ட்பேர்ட்ஸ் காலத்து எஸ்கொயர் கிடாரையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த டன்கன் பிற்காலத்தில் பிக்கப் சுற்றி விற்கும் தொழிலை அமெரிக்காவில் ஆரம்பித்து, உலகம் முழுக்கக் கடை பரப்பினார். பெக்கின் பக்கத்தில் நின்ற இன்னொருவரும் முதலாளியாகிவிட்டார், கவனியுங்கள்.

1975-ன் அந்த ஆல்பம் 'ப்ளோ பை ப்ளோ'. தயாரித்தவர் பீட்டில்ஸை வளர்த்த ஜார்ஜ் மார்ட்டின். பாடகரே இல்லாத ராக் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் நாலாவது இடத்துக்குப் போனது. வாத்திய இசைக்கு அது அபூர்வம். அந்த வருசம் அமெரிக்காவில் கிடார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவோடு சேர்ந்து சுற்றுப்பயணம் போனார். மெக்லாஃப்லின் அதே சமயத்தில் ஜாகிர் உசேன், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவைத் தொடங்கிக்கொண்டிருந்தவர். பெக் அந்தப் பக்கம் நேரடியாகப் போகவில்லை. ஆனால் மகாவிஷ்ணுவில் இருந்த யான் ஹாமர் 1976-ல் அவருடைய 'வயர்ட்' ஆல்பத்தில் கீபோர்டு வாசித்தார். ஹாமர் கீபோர்டின் பக்கத்திலிருக்கும் சக்கரத்தைத் திருப்பி ஸ்வரத்தை வளைக்கிற ஆள். கீபோர்டு கிடார் போல வளைய, கிடார் குரல் போல வளைய, இரண்டில் எது எது என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சில காலம் ஆனது.

1980-க்குப் பிறகு அவர் ஆல்பம் போடுவதே குறைந்தது. 1985-ல் காலத்துக்கேற்ற சின்தசைசர் சத்தத்தோடு ஒன்று வந்தது. அவருக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்தது அதிலிருந்த ஒரு துண்டு. எனக்கு அந்த ஆல்பத்தின் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் இந்த எண்பதுகளில்தான் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தார். பிக்கைக் கீழே போட்டார்.

கிடார் கம்பியைத் தட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் துண்டு இல்லாமல், கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் நேரடியாக இழுத்து வாசிக்க ஆரம்பித்தார். நாற்பது வயதை நெருங்கிய, ஏற்கெனவே பெயர் வாங்கிய ஒருவர், தன் வலது கையை மறுபடி பள்ளிக்கூடம் அனுப்புகிறார் என்று அர்த்தம். பிக் போனதும் கை முழுக்கக் காலியாகிவிட்டது. அந்தக் கைக்கு அவர் கொடுத்த வேலைகளைப் பாருங்கள். கட்டைவிரல் கம்பியை மீட்டும். சுண்டுவிரல் வால்யூம் குமிழில் இருக்கும். கம்பியை மீட்டும் நொடியில் ஒலியை மூடிவைத்து, மீட்டியபின் திறந்தால், தட்டிய ஓசை மறைந்து ஸ்வரம் மட்டும் வில்லால் இழைத்தது போல எழும்பும். மீதி விரல்களுக்குள் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரின் ட்ரெமலோ ஆர்ம், அதாவது கம்பிகளின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கிற இரும்புக் கைப்பிடி. மற்றவர்கள் அதை எப்போதாவது ஒரு குண்டு வெடிக்கிற சத்தத்துக்கு அமுக்குவார்கள். பெக் அதை மேலேயும் போகும்படி கீழேயும் போகும்படி மிதக்கவிட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதனாலேயே செதுக்கினார். இப்படிப் போட்டு ஆட்டினால் சுருதி கலையும். கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்குகிற நட் என்ற துண்டில் கம்பி உரசி, திரும்பி வந்து பழைய இடத்தில் உட்காராது. அதற்காக அவருடைய கிடாரின் நட்டில் கம்பி சறுக்கச் சிறு உருளைகள் வைத்தார்கள். 1991-ல் ஃபெண்டர் கம்பெனி அவர் பெயரில் விட்ட மாடலிலும் அப்படித்தான். பேரிங் போட்டுத் தேய்மானத்தைக் குறைப்பது, அவ்வளவுதான். எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

1989-ல் டெர்ரி போஸியோ, டோனி ஹைமாஸ் இருவரோடு வந்த 'கிடார் ஷாப்' ஆல்பத்தில் 'வேர் வேர் யூ' என்று ஒன்று இருக்கிறது. பல்கேரியப் பெண்கள் குழுவாகப் பாடுகிற நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்டு அவர் சொக்கிப்போயிருந்த காலம். அந்தக் குரல் போகிற வழியில் கிடாரைக் கொண்டுபோகவேண்டும் என்று உட்கார்ந்தார். கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக் ஒன்றை எடுப்பார். கைப்பிடியை அமுக்கியும் தூக்கியும், அந்த ஒரு ஒலியையே ஸ்வரம் ஸ்வரமாக நகர்த்தி மெட்டாக்குவார். கட்டைகளில் கிடைக்காத இடமெல்லாம் அதில் வருகிறது. ஒரு சிரமமான ஸ்வரத்தில் கைப்பிடி அரை நூல் தவறினால் அபசுரம். இது நாகஸ்வரக்காரரின் பாடு. துளையை எவ்வளவு மூடுகிறோம், சீவாளியில் உதடு எப்படி இறுகுகிறது என்பதை வைத்து ஸ்வரத்தைத் தன் காதால் கண்டுபிடித்து நிறுத்தவேண்டிய பாடு. கட்டை போட்ட வாத்தியத்தில் அந்த ஆபத்தை ஒருவர் வேண்டி வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்துக்குத்தான் அவர் சுருட்டுப்பெட்டிக் காலத்திலிருந்து வந்துகொண்டிருந்தார் என்று நான் நினைக்கிறேன். பாடகர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏன் நிற்கவில்லை என்பதற்கும் எனக்குக் கிடைக்கிற பதில் இதுதான். பாடுகிற இடம் அவருக்கே வேண்டியிருந்தது, ஆனால் தொண்டையில் அது இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் 'நாடியா' கேட்கலாம். லண்டனில் வாழும் இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் 1999 ஆல்பத்தில் சுவாதி நாடேகர் இந்துஸ்தானி முறையில் பாடியது. பெக் தன் அடுத்த ஆல்பத்தில் அதை எடுத்து வாசித்தார். இந்தியக் குரலில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் சறுக்கலும், போய்ச்சேர்ந்ததும் ஒரு சின்ன உலுக்கலும் அப்படியே கம்பியில் வருகின்றன. 1965-ல் சிதாரைக் கேட்டு அதன் ரீங்காரத்தைப் பிடித்த ஆள், முப்பத்தைந்து வருசம் கழித்து ரீங்காரத்தை விட்டுவிட்டு அசைவைப் பிடித்திருக்கிறார். வைண்டர் அண்ணனுக்கு இதைப் போனில் போட்டுக் காட்டினேன். இந்த முறை பாடுறவன் யாரென்று கேட்கவில்லை. "பொம்பளப் புள்ளைங்களா?" என்றார்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களை நான் ஆல்பங்களுக்கு அனுப்புவதில்லை. 2007 நவம்பரில் லண்டனில் ரானி ஸ்காட்ஸ் என்ற சின்ன ஜாஸ் கிளப்பில் வாசித்த பதிவுக்கு அனுப்புவேன். அப்போது அவருக்கு 63. பின்னால் டிரம்ஸில் வின்னி கொலாயூட்டா, கீபோர்டில் ஜேசன் ரெபெல்லோ, பேஸில் 21 வயதுகூட நிறையாத தால் வில்கன்ஃபெல்டு என்ற ஆஸ்திரேலியப் பெண். ஸ்டீவி கொடுத்த அந்தப் பழைய பாட்டில், நடுவே தனி வாசிப்பை பெக் அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அவர் முகத்தைப் பாருங்கள். கம்பெனி நடத்தத் தெரியாத ஆட்களுக்கு மட்டும் வருகிற சந்தோசம் ஒன்று இருக்கிறது.

அதற்குப் பிறகு 2010-ல் ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு ஆல்பம், அதில் ஒரு இத்தாலிய ஓபரா மெட்டுக்கு கிராமி. மொத்தம் எட்டு கிராமி ஆயிற்று. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இரண்டு முறை சேர்த்தார்கள். 1992-ல் யார்ட்பேர்ட்ஸோடு, 2009-ல் தனியாக. இரண்டாம் முறை மேடையேறி வரவேற்றவர் ஜிம்மி பேஜ். 2022-ல் நடிகர் ஜானி டெப்போடு கடைசி ஆல்பம். டெப் பாடாத இடங்கள் நன்றாக இருக்கின்றன.

2025 ஜனவரியில் அவருடைய கிடார்களை கிறிஸ்டீஸ் என்ற ஏலக் கம்பெனி லண்டனில் ஏலம் விட்டது. 'ப்ளோ பை ப்ளோ' அட்டையில் இருக்கிற அந்த கருஞ்சிவப்பு 'லெஸ் பால்' மாடல் கிடார் மட்டும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. உயிரோடு இருந்தபோது கணக்குப் பார்க்காத ஆளின் சாமானுக்கு இறந்தபிறகு அவ்வளவு கணக்கு.

கோபிப் பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிடார் வாசித்த அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். பண்ணாரி, பாரியூர் குண்டம் என்று எத்தனையோ கோயில் நோன்பு மேடைகளில் விடியும்வரை நின்றவர். பெக்கைப் பற்றி அவரிடம் பேசினால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "கை வேலையெல்லாம் சரிதானுங்க. நான் இல்லைங்கல. ஆனா ஜனம் கூடச் சேந்து பாடற மாதிரி ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு சொல்லுங்க பாக்கலாம்" என்பார்.

ஒன்று இருக்கிறது. இதுவரை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். 1967-ல் 'ஹை ஹோ சில்வர் லைனிங்'. மிக்கி மோஸ்ட் என்ற தயாரிப்பாளர் பெக்கையே பாடவைத்துப் பதிந்த துள்ளல் பாட்டு. பிரிட்டனில் 14-வது இடம் வரை போனது. அங்கே கல்யாண வீட்டிலும் கால்பந்து மைதானத்திலும் இன்றைக்கும் ஜனம் தொண்டை கிழியப் பாடுகிறது. பெக் வாழ்நாள் முழுக்க அதை வெறுத்தார். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஒரு வாத்தியத் துண்டு, 'பெக்ஸ் பொலேரோ'. 1966 மே மாதம் பதிந்தது. பெக்கோடு ஜிம்மி பேஜ், ஜான் பால் ஜோன்ஸ், தி ஹூ குழுவின் கீத் மூன், பியானோவில் நிக்கி ஹாப்கின்ஸ். பின்னால் லெட் செப்பலின் ஆகப்போகிறவர்களில் பாதிப்பேர் ஒரே அறையில், லெட் செப்பலினுக்கு இரண்டு வருசம் முந்தி. இதையெல்லாம் அந்த அண்ணனிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"பி சைடுக்கு யாருங்க காசு குடுப்பாங்க?" என்றார்.